மழை விட்டுவைத்த மலை
ஒடிசா மலைநாட்டில் – 4

கோராபுட்டிலிருந்து தாமன்ஜோடி போகும் வழியெங்கும் பேயெள்ளு பூத்திருந்தது. சரிவெல்லாம் மஞ்சள். அதற்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் பல மலைகளுக்குச் சிகரம் இல்லை; உச்சி தட்டையாக முடிகிறது. நான் தேடி வந்தது அந்தத் தட்டையைத்தான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில், உச்சி தட்டை என்றால் அங்கே பாக்சைட் இருக்க வாய்ப்பு அதிகம்.

பஞ்ச்பட்மாலி அவற்றில் பேர்போனது. கடல்மட்டத்துக்கு மேல் 1,366 மீட்டர் வரை உயர்ந்து, சுமார் 16 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. பொதுத்துறை நிறுவனமான நால்கோ 1985 நவம்பர் முதல் இங்கே திறந்தவெளிச் சுரங்கம் நடத்துகிறது. வாசலில் சோதனை கெடுபிடியாகவே இருந்தது. காரணம் உண்டு: 2009 ஏப்ரலில் மாவோயிஸ்டுகள் இந்தச் சுரங்கத்தைத் தாக்கி, காவலுக்கு இருந்த மத்தியப் படை வீரர்களைக் கொன்றார்கள்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். கூட வந்த நிலவியலாளர் ஒடியாக்காரர். அதிகம் பேசாதவர். நேராக ஒரு வெட்டுமுகத்தின் முன்னால் வண்டியை நிறுத்தி, "படிச்சுப் பாருங்க சார்" என்று சுவரைக் காட்டினார்.

படிக்கலாம்தான். மேலே கொஞ்சம் மண், அதன் கீழ் கருஞ்சிவப்பில் இறுகிய செம்புரைக்கல். இரண்டும் சேர்ந்து சராசரியாக 3 மீட்டர். அதற்கடுத்து 14 மீட்டர் அளவுக்குப் பாக்சைட். அதற்கும் கீழே வெளிறிய களிமண், கடைசியில் கோண்டலைட் என்ற மிகப் பழைய பாறை. தாதுத் துண்டு ஒன்றைப் பொறுக்கிக் கையில் கொடுத்தார். செங்கல் நிறம், நடுநடுவே வெள்ளையும் மஞ்சளும். அந்த அளவுக் கல்லுக்கு உண்டான கனம் இல்லை. உடைந்த பக்கத்தைத் திருப்பினால் பொடிப்பொடியாகத் துளைகள். அங்கே முன்பு இருந்ததெல்லாம் எங்கே போனது?

மழையோடு போனது. கோண்டலைட்டிலும் அலுமினியம் உண்டு. ஆனால் சிலிகாவோடு பின்னிக் கிடக்கிறது. மழைநீர் பாறைக்குள் இறங்கும்போது சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் முதலில் கரைந்து ஓடிவிடும். பிறகு சிலிகாவும் சன்னஞ்சன்னமாகக் கிளம்பும். லேசில் கரையாமல் தங்குபவை இரும்பும் அலுமினியமும்தான். செங்குத்தான மலையில் மழை வழிந்துவிடும். தட்டையான உச்சியிலோ நின்று, ஊறி, இறங்கும். மழைக்காலமும் கோடையும் மாறி மாறி வரும் வெப்ப மண்டலத்தில் இந்த வேலை லட்சக்கணக்கான ஆண்டுகள் நடந்திருக்கிறது. டிகாக்‌ஷன் இறங்கியபின் ஃபில்டரில் தங்கும் சக்கைதான் பாக்சைட். இங்கே அதில் 45 சதவீதம் அலுமினா, சிலிகா 3 சதவீதம் அளவே. நம் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் மழை இதே வேலையைச் செய்திருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்குத் தாது போனது அங்கிருந்துதான்.

தோண்டும் வேலை பார்க்க எளிதாக இருக்கிறது. புல்டோசர் மேல்மண்ணைத் தனியே வழித்து வைக்கிறது. இறுகிய அடுக்கைப் பல்லால் கீறிப் பெயர்க்கிறார்கள். மசியாவிட்டால் துளையிட்டு வெடி வைக்கிறார்கள். ஷாவல் அள்ளிப் போட, டம்பர்கள் க்ரஷருக்கு ஓடுகின்றன. தாது எடுத்து முடித்த பள்ளத்தில் கழிவுப் பாறையைக் கொட்டி, மேல்மண்ணைப் பரப்பி, மரம் நடுகிறார்கள். மலையின் விளிம்பை மட்டும் தொடாமல் வரம்பாக விட்டிருக்கிறார்கள். செம்மண் கரைந்து கீழே வயல்களுக்குள் இறங்கிவிடக் கூடாதே.

நொறுங்கிய தாது ஆலைக்கு லாரியில் போவதில்லை. 14.6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே கன்வேயர் பெல்ட், இரண்டு எஃகு வடங்களின் மேல் உட்கார்ந்து, மலை வளைவுகளுக்கு ஏற்றபடி தானும் வளைந்து தாமன்ஜோடிக்கு இறங்குகிறது. மணிக்கு 1,800 டன் சுமக்கும். நாங்கள் ஜீப்பில் சுற்றிச் சுற்றி இறங்க, அது பாட்டுக்கு ஒரே சீரான இரைச்சலோடு குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

ஆலையில் நடப்பது மழை செய்ததற்கு நேர்மாறு. 1880களின் கடைசியில் கார்ல் பேயர் கண்டுபிடித்த முறை அது. அரைத்த தாதுவைச் சூடான காஸ்டிக் சோடாவில் போட்டால் இந்த முறை கரைவது அலுமினா. இரும்புதான் அடியில் தங்கும். பல ஊர்த் தாதுவுக்கு இதற்கு உயர் அழுத்தம் வேண்டும். பஞ்ச்பட்மாலித் தாது பெரும்பாலும் கிப்சைட் வகை என்பதால் சாதாரண வளிமண்டல அழுத்தத்திலேயே கரைந்துவிடுகிறது. தெளிந்த கரைசலை ஆறவைத்து, பழைய ஹைட்ரேட் துகள்களை விதையாகத் தூவினால் புதுத் துகள்கள் அவற்றின் மேல் படிந்து வளர்கின்றன. அவற்றை 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் வெள்ளை அலுமினாத் தூள். ஏறக்குறைய 3 டன் தாதுவுக்கு ஒரு டன்.

மிச்சம் செஞ்சேறு. காரம் ஊறிய அந்தச் சேற்றைக் கரை கட்டிய குளத்தில் தேக்குகிறார்கள். மழை விட்ட சக்கை மலையானது. இந்தச் சக்கைக்குப் போக்கிடம் இல்லை. 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்க்காவில் இப்படியொரு தேக்கத்தின் கரை உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள்.

மலைவாசிகளின் கவலை வேறு. தட்டை உச்சியில் இறங்கும் மழைதான் கோடையில் ஊற்றாகச் சரிவில் கசிகிறது. உச்சியைத் தோண்டினால் ஊற்று என்னாகும் என்கிறார்கள். பக்கத்து நியம்கிரியில் டோங்ரியா கோந்து மக்களுக்கு மலையே தெய்வம். உச்ச நீதிமன்றம் கிராம சபைகளின் கருத்தைக் கேட்கச் சொன்னது. 2013இல் பன்னிரண்டு சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானித்தன. அந்த உச்சி இன்னும் மழைக்குத்தான் சொந்தம்.

தாமன்ஜோடி அலுமினா இங்கேயே உலோகமாவதில்லை. ஒரு டன் அலுமினியத்துக்கு 2 டன் அலுமினா போதும். ஆனால் மின்சாரம் சுமார் 14,000 யூனிட் வேண்டும். அதற்கான நிலக்கரியை மலைக்கு ஏற்றுவதைவிட, தூளை நிலக்கரி பக்கம் அனுப்புவதுதான் லாபம். ஒரு பங்கு விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கும், மற்றொரு பங்கு தால்சேர் நிலக்கரி வயல்களை அடுத்த அங்குலுக்கும் ரயிலேறுகிறது. நானும் அங்குலுக்குத்தான்.

(தொடரும்)