காகிதம் மாற்றும் கைகள்

புதுச்சேரிக்கு வடக்கே சில கிலோமீட்டர் போனால் ஆரோவில்லின் செம்மண் மேடு தொடங்குகிறது. 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது இந்த மேட்டில் பெரும்பகுதி பொட்டல்வெளி. வெளியிலிருந்து வந்தவர்களும் சுற்றுவட்டார ஊர்க்காரர்களும் சேர்ந்து நட்டு வளர்த்த மரங்கள்தான் இப்போது நிழல் தருகின்றன. அந்த நிழலை ஒட்டிய கிராமங்களில் காகிதம், ஊதுவத்தி, தையல், மண்பாண்டம் என்று சிறுசிறு கைத்தொழில் கூடங்கள் நிறைய உண்டு. பூக்களை அழுத்தி உலர்த்தி வாழ்த்து அட்டைகளும் புத்தகக் குறிகளும் செய்யும் கூடம் ஒன்றைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

ஓடு வேய்ந்த ஒற்றை அறை. சுவர் ஓரமாக ஆளுயரத்துக்குப் பழைய செய்தித்தாள் கட்டுகள். நடுவில் நீள மேசை. அதைச் சுற்றி நாலைந்து பெண்கள். ஒருவர் கையில் இடுக்கி, ஒருவர் கையில் மெல்லிய தூரிகை. மின்விசிறி இருக்கிறது, ஆனால் சுற்றவில்லை. உலர்ந்த இதழுக்குக் காற்று ஆகாது. சித்திரை வெயிலிலும் அவர்கள் அப்படியேதான் வேலை செய்கிறார்கள்.

அவர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் பேருந்து நிலையத்தின் அருகே பூக்கட்டி விற்றவர். விரல்களில் அந்தப் பழக்கம் அப்படியே இருக்கிறது. காம்பைப் பிடிப்பதிலேயே தெரிகிறது. இதழில் விரல் படவே இல்லை.

பூ அழுத்தும் பலகையான பிரஸ் எப்படிச் செய்வது என்றுதான் நான் முதலில் கேட்டேன். அடுத்த தெரு ஆசாரி செய்துகொடுத்ததை எடுத்துக் காட்டினார். அரை அங்குல பிளைவுட் இரண்டு துண்டு, ஏறக்குறைய பள்ளி நோட்டைவிடச் சற்றுப் பெரிது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நான்கு மூலையிலும் ஒரே நேரத்தில் துளை போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் துளைகள் நேர்படாது, பலகை கோணிக்கொள்ளும். நான்கு அங்குல போல்ட்டுகளைக் கீழிருந்து மேலாகச் செருகி, வாஷர் போட்டு, கையால் திருகக்கூடிய பட்டர்ஃபிளை நட் மாட்டினால் பலகை தயார். ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். வீட்டில் யாரும் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். தச்சு வேலை தெரியாதவர்கள் ரொட்டிப் பலகை இரண்டை எடுத்துத் துணிப் பட்டையால் இறுக்கிக் கட்டினாலும் போதும்.

“பலகைய யாரு வேணாலும் செஞ்சிடலாம்மா. பேப்பரு மாத்துறதுலதான் எல்லாமே இருக்கு,” என்றார் அக்கா.

அன்று முழுக்க அங்கே இருந்து பார்த்தபோது அந்தச் சொல்லின் பொருள் விளங்கியது. பலகைக்குள் போகும் அடுக்கு இப்படி: கீழே அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய அலை அட்டை, அதன்மேல் செய்தித்தாள் நாலைந்து மடிப்பு, அதன்மேல் அச்சில்லாத வெள்ளைத் தாள், பூ, மறுபடியும் வெள்ளைத் தாள், செய்தித்தாள், அட்டை. அட்டையின் அலைகளெல்லாம் ஒரே திசையில் இருக்க வேண்டும், அந்தக் குழல்கள் வழியாகத்தான் காற்றோடி ஈரம் வெளியேறும். நாளிதழ்த் தாள் ஈரத்தை நன்றாகக் குடிக்கும். வாரமலர் போன்ற பளபளப்பான இணைப்புகளைத் தனியே பிரித்து ஒதுக்கியிருந்தார்கள், பூச்சுப் பூசிய தாள் ஈரத்தை வாங்காது.

முதல் நாள்தான் பூ அதிக ஈரத்தை விடும். ஆகவே மறுநாள் காலையில் எல்லாச் செய்தித்தாளையும் எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் வைக்க வேண்டும். வெள்ளைத் தாளை மட்டும் அசைக்கக் கூடாது, அசைத்தால் ஒட்டியிருக்கும் இதழ் கிழியும். எடுத்த தாள்களை வெயிலில் போட்டு, மாலையில் மடித்து, அடுத்த சுற்றுக்கு வைக்க வேண்டும். அதற்கடுத்த நாளும் இதே வேலை. பூ சுருங்கச் சுருங்கப் பலகைகளுக்கிடையே பிடிப்பு தளரும், அதனால் ஒவ்வொரு முறையும் நட்டை மீண்டும் இறுக்க வேண்டும். தொடக்கத்திலேயே முழு பலத்தோடு இறுக்கினால் சாறு வெளியேறித் தாளெல்லாம் கறை. மெல்லிய பூவுக்கு ஒரு வாரம், தடித்ததற்கு இரண்டு மூன்று வாரம். நாற்பது பலகைகள் இருந்தால் நாற்பதையும் தினமும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். அட்டையை வாங்குபவர் கண்ணுக்கு இந்த வேலை எதுவும் தெரியாது.

இதில் இருக்கும் அவசரம் வேதியியல் சார்ந்தது. பறித்த பூவின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். செல்கள் சிதையும்போது உள்ளேயிருக்கும் நொதிகளும் பீனாலிக் பொருள்களும் கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து பழுப்பாகின்றன. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் இதனால்தான். ஈரம் இருக்கும்வரை நொதி வேலை செய்யும். ஈரத்தை விரைவாக எடுத்துவிட்டால் அது நின்றுபோகும், நிறம் பிழைக்கும். அக்கா இதை நொதி என்று சொல்லவில்லை. “தண்ணி முந்திக்கிட்டா பூ நமக்கு, பூ முந்திக்கிட்டா கறுப்பு,” என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

எந்தப் பூ எடுபடும் என்பதில் அவர்களுக்கு உள்ள தெளிவு வியக்கவைப்பது. சங்குப்பூவின் நீலம் நிற்கும், அதன் நிறமி மற்றப் பல நீலங்களைப்போல எளிதில் சிதைவதில்லை. காகிதப்பூவில் நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் நிறம் ஏறிய இலை, பறிக்கும்போதே பாதி உலர்ந்ததுபோல் இருப்பதால் அதில் கெடுவதற்கு அதிகம் இல்லை. ஒற்றை அடுக்குக் காஸ்மோஸ், பெரணி இலை, அறுகம்புல் எல்லாம் நம்பகமானவை. செம்பருத்தியில் வழவழப்பு அதிகம், தாளோடு ஒட்டிக்கொண்டு கருநீலமாகிவிடும். துலுக்கச் சாமந்தியையும் ரோஜாவையும் முழுதாக வைக்க முடியாது. இதழ் இதழாகப் பிரித்து உலர்த்தி, ஒட்டும்போது மறுபடி பூவாக அடுக்குகிறார்கள். ரணகள்ளி இலையைப் பலகைக்குள் வைத்தால் அங்கேயே வேரும் முளையும் விடும். சதைப்பற்றுள்ள செடிகளைக் கொதிநீரில் ஒருமுறை முக்கியெடுத்து, அவற்றின் உயிர்ப்பை நிறுத்திய பிறகுதான் அழுத்த வேண்டும்.

மல்லிகை? வாங்க வருகிறவர்கள் அதிகம் கேட்பது அதைத்தானாம். அது எப்படி அழுத்தினாலும் பழுப்பேறிவிடும். “அதுக்கு ஒரு ராத்திரிதாம்மா. அதுக்குள்ள தலையில வெச்சிக்கிடணும்,” என்றார் அக்கா. பூக்கட்டும் காலத்தில் விற்காமல் மிஞ்சிய மல்லிகையை இரவில் கொட்டிவிட்டுப் போன நாள்களைப் பற்றியும் சொன்னார். மூன்று வருஷம் முன்பு அழுத்திய சங்குப்பூ ஒன்றை ஒரு சிறு உறையிலிருந்து எடுத்து என் முன் வைத்தார். அதை விற்பதற்கு அவருக்கு மனமில்லை.

பறிக்கும் நேரமும் முக்கியம். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள். ஈரத்தோடு பறித்தால் பலகைக்குள் பூஞ்சணம் பிடிக்கும், உச்சி வெயிலில் பறித்தால் கூடத்துக்கு வருவதற்குள் துவளும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வெயிலில் தாள் காய்வதில்லை. மரப்பெட்டி ஒன்றின் அடியில் குண்டு பல்புகள் எரிய, மேலே பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள். சூடான காற்று அலை அட்டையின் குழல்கள் வழியாக மேலேறும். அப்படியும் மழைக்காலத்தில் செய்யும் எண்ணிக்கை குறையும். செய்த அட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு அது வருமானம் குறையும் காலம். தாள் மாற்றும் நாள்களுக்கும் கூலி உண்டு என்று கணக்கிடுவதே நியாயம் என்பது என் எண்ணம். இந்தத் தொழிலின் பாதி வேலை அதுதான்.

அங்கே இருக்கும்போது உலர்தாவரக் கூடங்களின் நினைவு வந்தது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே. எம். மேத்யூ 1967இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியத்தின் தாள்கள்தான், தமிழகத் தாவரங்களைப் பற்றி 1980களில் அவர் வெளியிட்ட பெருநூலுக்கு அடிப்படை. அங்கேயும், கோயம்புத்தூர் உலர்தாவரக் கூடத்திலும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் இருக்கும் ஒவ்வொரு தாளிலுள்ள செடியும் இதேபோன்ற ஒரு பலகைக்குள் கிடந்து வந்ததுதான். தாளின் அளவு பெரிது, ஏறக்குறைய 42க்கு 28 சென்டிமீட்டர். தாளின் வலது கீழ் மூலையில் சீட்டு இருக்கும்: செடியின் பெயர், இடம், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர். செடி சேகரிக்கும் முகாமில் இரவு அடுப்பருகே உட்கார்ந்து தாள் மாற்றியவர், பிறகு ஊசியும் நூலும் கொண்டு செடியைத் தாளில் தைத்தவர், இவர்களுக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. அவர்கள் ஒரு நாள் சோம்பியிருந்தால் அந்த ஆய்வு பூஞ்சணமாகப் போயிருக்கும்.

உலர்ந்த பிறகும் காவல் தேவை. வண்டும் இராமபாணமும் புத்தகப் பேனும் தேடி வரும். கூடத்தில் மூடி இறுகிய டப்பாக்களில் வசம்புத் துண்டு போட்டு வைக்கிறார்கள். சந்தேகம் வந்தால் உறையை நெகிழிப் பையில் கட்டிக் குளிர்பெட்டியின் உறைபனி அறையில் ஒரு வாரம் வைத்தெடுக்கிறார்கள். சட்டமிட்டு மாட்டுபவர்கள் நேர் வெயில் படாத சுவராகப் பார்க்க வேண்டும், எந்த நிறமியும் வெயிலுக்கு நெடுநாள் தாங்காது.

வீட்டில் பலகை செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சரணாலயத்திலும் காப்புக்காட்டிலும் எதையும் பறிக்காதீர்கள், வேலியோரப் பூவே ஆயுளுக்கும் போதும். அழுத்திய ஒவ்வொன்றின் அருகிலும் பூவின் பெயர், பறித்த இடம், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் பரவிவிடும். நான்காவதாக, தினமும் தாள் மாற்றியவரின் பெயரையும் எழுதுங்கள்.