உப்பு மண்ணில் ஒரு பிடி நெல்

"திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். தேரைப் பல தடவை பார்த்தாயிற்று. விளக்கைத்தான் நிதானமாக நின்று பார்த்ததில்லை. இத்தனைக்கும் என் பெரிய நாத்தனாரை வேதாரண்யம் பக்கம்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. மன்னார்குடியிலிருந்து இரண்டு மணி நேர பஸ் பயணம். விசேஷம் என்றால் போவோம், சாப்பிடுவோம், கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவோம். குடும்பப் பெண்களின் பிரயாணமெல்லாம் அப்படித்தானே?

இந்தத் தை மாதம் பொங்கல் முடிந்த கையோடு, "நாலு நாள் தங்குற மாதிரி வா" என்று நாத்தனார் கூப்பிட்டார்கள். (நான் அவர்களை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.) எனக்கும் வீட்டை விட்டுக் கொஞ்சம் விலகி இருந்தால் தேவலை என்றிருந்தது. காரணம் இருக்கிறது. அப்பாவின் நிலம் பன்னிரண்டு மா, நாலு வருஷமாகத் தரிசாகக் கிடக்கிறது. அதை விற்றுவிடலாம் என்று தம்பி பத்திரத்தோடு வந்து போயிருந்தான். "நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும் அக்கா" என்றான். போடுவதா வேண்டாமா என்று மனசு இரண்டுபட்டுக் கிடந்தது.

திருத்துறைப்பூண்டியில் இறங்கி ரயிலில் போனோம். பல வருஷம் நின்று போயிருந்த அகஸ்தியம்பள்ளி ரயில் 2023 ஏப்ரலில் அகலப் பாதையில் மறுபடி ஓட ஆரம்பித்தது. சுமார் 37 கிலோமீட்டர். ஜன்னலோரம் உட்கார்ந்தால் நெல் வயல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மணலும் தென்னையும் மாமரமும் வந்து, கடைசியில் உப்பளம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைக்கும்.

கோயிலும் உப்பும்

முதல் நாள் வேதாரண்யேஸ்வரர் கோயில். அடைத்துக் கிடந்த கதவை அப்பர் பாடித் திறந்ததும், சம்பந்தர் பாடி அடைத்ததும் இங்கேதான் என்பது ஐதீகம். அணையப் போன விளக்கின் திரியை, நெய் குடிக்க வந்த எலி தெரியாமல் தூண்டிவிட்டதாம். அந்தப் புண்ணியத்தில் மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியானதாம். தெரியாமல் செய்த நல்ல காரியத்துக்கே அத்தனை பலன்!

மறுநாள் அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூணைப் பார்த்தோம். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் நடந்தே வந்து, 30-ஆம் தேதி இங்கே உப்பு அள்ளினார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அண்ணி சொன்ன விஷயம்தான் எனக்குப் புதிது. நடந்து வருகிறவர்களுக்குச் சோறு தண்ணி கொடுத்தால் தண்டனை என்று அப்போதைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தாராம். ஜனங்கள் விடவில்லை. சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியில் மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்களாம். "அந்தச் சோத்தை ஆக்கினது யாரு? நம்மள மாதிரிப் பொம்பளைங்கதானே?" என்றார்கள் அண்ணி. எந்தச் சரித்திரப் புஸ்தகத்திலும் அந்தப் பெண்களின் பெயர் இருக்காது.

சிவப்புக் கஞ்சி

மூன்றாம் நாள் காலையில் அண்ணி ஒரு கும்பா நிறையக் கஞ்சி கொடுத்தார்கள். நிறம் சிவப்பு. மோரும் சின்ன வெங்காயமும் போட்டிருந்தது. குடித்தால் பகல் ஒரு மணி வரை பசியே எடுக்கவில்லை.

"என்ன அரிசி அண்ணி?"

"காட்டுயானம்மா. யானை புகுந்தாக்கூடத் தெரியாது, அவ்வளவு ஒசரம் வளரும். நம்ம வயல்லதான் போட்டோம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது அண்ணி வீட்டு வயலிலும் கடல் தண்ணீர் ஏறி நின்றது. அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான். வயல் வெடித்து, மேலே உப்புப் பூத்துக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். அண்ணியின் வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தார். இனி அது நிலமே இல்லை என்றுதான் எல்லோரும் பேசினோம்.

"அந்த வயல்தாம்மா இது" என்றார் அண்ணன். சாப்பிட்டுக் கை கழுவியவர் திண்ணையில் உட்கார்ந்து கதையைச் சொன்னார். நடுநடுவே உள்ளே போய் ஒரு பழைய புஸ்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். 'உழவுக்கும் உண்டு வரலாறு'. எழுதியவர் கோ. நம்மாழ்வார்.

வேலையை விட்ட விவசாய அதிகாரி

நம்மாழ்வாரைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டீர்கள். வெள்ளைத் தாடியும் பச்சைத் தலைப்பாகையுமாகக் கூட்டங்களில் பார்த்திருப்பீர்கள். அவர் வாழ்க்கை எனக்கு இந்தத் திண்ணையில்தான் முழுசாகத் தெரிய வந்தது.

1938-இல் தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துப் பட்டம் வாங்கினார். 1963-இல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசாங்க உத்தியோகம். நம் வீட்டில் ஒரு பிள்ளைக்கு அப்படி வேலை கிடைத்தால் ஊருக்கே சர்க்கரைப் பொங்கல் வைப்போம். அவரோ 1969-இல் அதை விட்டுவிட்டு வெளியே வந்தார். காரணம் என்ன? பண்ணையில் விலை கூடின உரத்தையும் வீரிய விதையையும் வைத்துப் பரிசோதனை நடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மழையை நம்பிப் பிழைக்கிற சம்சாரிக்கு அதை வாங்க வசதியில்லை. யாருக்காக இந்த ஆராய்ச்சி என்ற கேள்வி அவரை உட்கார விடவில்லை.

பிறகு களக்காட்டில் 'அமைதித் தீவு' என்ற தொண்டு நிறுவனத்தில் சுமார் பத்து வருஷம் கிராம வேலை. நோபல் பரிசு பெற்ற பெல்ஜியம் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கிய நிறுவனம் அது. விவசாயி எதையெல்லாம் கடையில் வாங்குகிறானோ அதெல்லாம் அவனைக் கடனில் தள்ளுகிறது, தன் நிலத்திலும் தொழுவத்திலும் கிடைப்பதை வைத்துத்தான் அவன் நிமிர முடியும் என்று அங்கேதான் அவருக்கு விளங்கியது. அதற்கப்புறம் ஊர் ஊராக நடந்தார், பேசினார், எழுதினார். 'தாய் மண்ணே வணக்கம்', 'நோயினைக் கொண்டாடுவோம்' என்று எத்தனையோ புஸ்தகங்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கே ஒரு வரி கூடத் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது.

வேப்பிலை நம் பாட்டி வைத்தியம்தானே? அந்த வேம்பிலிருந்து பூஞ்சைக் கொல்லி எடுப்பதற்கு ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கும் அந்நாட்டு விவசாயத் துறைக்கும் ஐரோப்பாவில் காப்புரிமை கொடுத்திருந்தார்கள். அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் நம்மாழ்வாரும் ஒருவர். 2000-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. 2007-இல் காந்திகிராமப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் 'வானகம்' என்ற பண்ணையை உண்டாக்கினார். கடைசியில் டெல்டாவில் மீத்தேன் எடுக்கிற திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தபோதே, 2013 டிசம்பர் 30-ஆம் தேதி பட்டுக்கோட்டைப் பகுதியில் கண்ணை மூடினார். வயது 75.

உப்பு எப்படிப் போனது?

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடலோர கிராமங்களில் நிலத்தை மீட்க நம்மாழ்வாரும் அவரோடு சேர்ந்தவர்களும் வேலை செய்தார்கள். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு அண்ணனும் செய்தாராம். வரப்பை உயர்த்திக் கட்டி மழைத் தண்ணீரைத் தேக்க வேண்டும். உப்பு அதில் கரையும். தேங்கின தண்ணீரை வடித்துவிட வேண்டும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, ஒன்றரை மாதத்தில் பூ வைக்கும் சமயம் அப்படியே மடக்கி உழ வேண்டும். குப்பை, இலை தழை, தொழு உரம் எல்லாம் மண்ணுக்குத்தான். அதற்கப்புறம் உப்பைத் தாங்குகிற பழைய நெல்லாகப் பார்த்துப் போட வேண்டும்.

"குழியடிச்சான் போட்டேம்மா. மொத வருஷம் பாதி வயல்தான் தேறுச்சு. ரெண்டாம் வருஷம் முழுசா நின்னுச்சு" என்றார்.

அந்த விதை எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கதை. நம்மாழ்வாரோடு டெல்டா முழுக்க நடைப்பயணம் போனவர்களில் ஒருவர் ஜெயராமன். வழியில் விவசாயிகள் கொடுத்த சில பழைய நெல் ரகங்களை வாங்கிப் பத்திரப்படுத்தினார். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. இப்படியே 170 ரகங்களுக்கு மேல் சேர்ந்தன. 'நெல்' என்பதே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்தின் மாவையும் தென்னையையும் வேரோடு சாய்த்தது. அடுத்த மூன்று வாரத்தில், டிசம்பர் 6-ஆம் தேதி, 'நெல்' ஜெயராமனும் புற்றுநோயில் போய்விட்டார். வயது ஐம்பதுதான். "அந்த மாசத்துல எங்களுக்கு எல்லாமே சாஞ்சு போச்சும்மா" என்றார்கள் அண்ணி.

அம்மாவின் குதிர்

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மா நினைவு வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மண் குதிர் இருந்தது. நல்ல கதிராகப் பார்த்துத் தனியே அடித்து, காயவைத்து, நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு விதை நெல்லை அதில் வைப்பாள். பசியென்றாலும் விதை நெல்லில் கை வைக்க மாட்டாள். அப்புறம் விதையைக் கடையில் பாக்கெட்டில் வாங்க ஆரம்பித்தோம். குதிர் எதற்கு என்று உடைத்துத் திண்ணைக்கு மண்ணாகப் போட்டுவிட்டார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவளுக்குத் தெரிந்த ரகங்களின் பெயரைக்கூட நான் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டதில்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

புது ரகங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அறுபதுகளில் ஏ.டி.டி.27, ஐ.ஆர்.8 எல்லாம் வந்ததால்தான் பஞ்சம் தீர்ந்தது என்று அப்பா சொல்வார். அது பொய்யில்லை. ஆனால் "அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு" என்ற பழமொழியை நம்மாழ்வார் போன இடமெல்லாம் சொல்வாராம். குட்டை நெல் வந்ததும் மாட்டுக்கு வைக்கோல் குறைந்தது. மாடு போனது. சாணி போனது. மண்ணுக்குப் போட உரத்தைக் கடனில் வாங்கினோம். எங்கள் பன்னிரண்டு மா தரிசானதும் இந்த வழியில்தான்.

நாம் என்ன செய்யலாம்?

வயல் இல்லாத சகோதரிகள், "இதில் எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். நாம் வாங்காவிட்டால் அண்ணன் அடுத்த வருஷம் காட்டுயானம் போட மாட்டார். அதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் வயலில் நிற்க வேண்டும். விளைச்சலும் குறைவு. மாதச் சாமானில் இரண்டு கிலோ பழைய ரகம் சேர்த்தாலும் அந்த விதை பிழைக்கும்.

கஞ்சிக்கு அண்ணி சொன்ன பக்குவம்: காட்டுயானம் அரிசியைக் கழுவி நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து, ரவையை விடக் கொஞ்சம் பெரிய நொய்யாக உடைத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு டம்ளர் நொய்க்கு எட்டு டம்ளர் தண்ணீர். அரை மணி ஊறவைத்து, குக்கரில் ஆறேழு விசில். ஆறினதும் மோர், உப்பு, சின்ன வெங்காயம். முழு அரிசியாகச் சோறு வடிப்பதானால் முதல் நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் வேகாது. தவிட்டோடு இருப்பதால் நார்ச்சத்து அதிகம். அதற்காகச் சர்க்கரை நோய்க்காரர்கள் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்றில்லை. அரிசி அரிசிதான், அளவு வேண்டும், மருந்தை நிறுத்தக் கூடாது. கைக்குழந்தைக்குக் கொடுப்பதானால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அண்ணி என் பையில் ஐந்து கிலோ அரிசியும், ஒரு துணி முடிச்சில் இரண்டு கிலோ விதை நெல்லும் வைத்தார்கள். "அடுத்த தையில நாலு கிலோவாக் கொண்டாரணும், ஆமா" என்று சிரித்தார்கள்.

ஊருக்கு வந்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். "மொத்தத்தையும் விக்கிறதுன்னா நான் கையெழுத்துப் போடலைடா. எனக்கு ஒரு மா மட்டும் ஒரு போகத்துக்கு விடு. மிச்சத்தை அப்புறம் பேசுவோம்" என்றேன். "உனக்கு என்னக்கா தெரியும் விவசாயம்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். தெரியாது. ஆடி மாதத்துக்குள் தெரிந்துகொள்ள வேண்டும். துணி முடிச்சு இப்போது அரிசிப் பானைக்கு மேலே, நொச்சி இலையோடு இருக்கிறது.