ஜாடிக்கு ஒரு தணிக்கை

கிழக்கு டெல்லியின் மயூர் விஹார் பக்கம் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் கங்கை. மேல் கங்கைக் கால்வாயிலிருந்து முராத் நகர் வழியாகக் குழாயில் கொண்டுவரப்படும் நீரைச் சுத்திகரிக்கும் சோனியா விஹார் நிலையம் 2006இல் இயங்கத் தொடங்கியது. காசிக்குப் போய்ச் செம்பில் அடைத்து, பற்று வைத்து மூடி, பூஜையறையில் வைக்கிறார்களே, அதே நதி. செம்பில் இருப்பதைக் கும்பிடுகிறார்கள். குழாயில் வருவதைச் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகத்துக்குக் காரணம் நதி அல்ல. சுத்திகரிப்பு நிலையத்துக்கும் சமையலறைக்கும் நடுவே மண்ணுக்குள் கிடக்கும் பல கிலோமீட்டர் குழாய்.

அந்தப் பகுதியில் ஒரு முதல் மாடி வீடு. கணவர் தணிக்கைத் துறையில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அந்த 34 வருடமும் தண்ணீரைக் காய்ச்சியவர். காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் அதற்குச் சற்றுக் குறைவாகவும் தண்ணீர் வரும். வந்ததும் குழாயில் கட்டிய பழைய வேட்டித் துணி வழியாக எவர்சில்வர் தவலையில் பிடித்து, அடுப்பில் ஏற்றி, ஆறவைத்து, பானையில் ஊற்றுவார். இந்த ஏற்பாட்டை யாரும் கேள்வி கேட்டதில்லை, பெங்களூரிலிருந்து மகள் முதல் பிரசவத்துக்கு வருவதாகச் சொல்லும் வரை.

மகள் வருவதற்கு முன் அவள் அனுப்பிய பெட்டி வந்தது. உள்ளே ஒரு ஃபில்டர் ஜாடி. மேலே ஊற்றினால் நடுவிலுள்ள கேட்ரிட்ஜ் வழியாக இறங்கிக் கீழே சேரும். மின்சாரம் வேண்டாம், பிளம்பர் வேண்டாம், சுவரில் ஓட்டை போட வேண்டாம். விலை 1,450 ரூபாய். "இனிமே அம்மா அடுப்படியில நிக்க வேண்டாம்பா. ஆகஸ்ட் மாசப் புழுக்கத்துல தண்ணி வேற காய்ச்சணுமா?" என்றாள் போனில். கரிசனம் நியாயமானது. ஆனால் தணிக்கைக்காரர் கையில் ஒரு பொருள் கிடைத்தால் அவர் முதலில் பார்ப்பது பொருளை அல்ல, அதனுடன் வந்த காகிதத்தை.

காகிதத்தின் முன்பக்கம் பெரிய எழுத்தில் தூய்மை, சுவை, வெள்ளி என்று இருந்தது. பின்பக்கம், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் மூன்று விஷயங்கள். சுத்திகரிக்கப்பட்ட நகராட்சி நீரை மட்டுமே ஊற்றவும். வடிந்த நீரை ஒரு நாளுக்குள் பயன்படுத்தவும். 150 லிட்டருக்கு ஒரு முறை கேட்ரிட்ஜை மாற்றவும்.

மூன்றாவதிலிருந்து ஆரம்பித்தார், அது கணக்கு என்பதால். கேட்ரிட்ஜ் விலை 450 ரூபாய். லிட்டருக்கு மூன்று ரூபாய். குடிக்கவும் சமைக்கவும் மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர் என்று வைத்தால் பதினேழு நாளில் கேட்ரிட்ஜ் தீர்ந்துவிடும். மாதம் 810 ரூபாய். ஜாடியின் விலை இரண்டு மாதத்துக்குக் கூடக் காணாது. மலிவு என்று விற்கப்படுவது ஜாடி. விற்பவர் வாழ்வது கேட்ரிட்ஜில்.

முதல் நிபந்தனைதான் அவரை அதிக நேரம் யோசிக்க வைத்தது. இந்த ஜாடியின் பிறப்பிடம் ஐரோப்பா. ஜெர்மனியில் 1966இல் தொடங்கிய பிரிட்டா நிறுவனம்தான் இதை வீட்டுச் சாமானாக உலகெங்கும் பரப்பியது. அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். குளோரின் வாடையும், டீயில் ஆடை போலப் படியும் சுண்ணாம்பும்தான் அவர்களுடைய குறை. அதற்கு ஊக்குவிக்கப்பட்ட கரியும், சுண்ணாம்பை வாங்கிக்கொள்ளும் ரெசின் மணிகளும் போதும். கிருமியைக் கொல்வது அந்த ஜாடியின் வேலையே இல்லை. காகிதம் சொல்லும் வெள்ளி கூட, கரிக்குள்ளேயே பாக்டீரியா குடியேறாமல் இருப்பதற்காகப் பூசப்படுவது. வெள்ளிக் கிண்ணத்தில் குழந்தைக்குச் சாதம் ஊட்டி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அந்த ஒரு சொல் போதும், மற்றதைப் படிக்க மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. குழாய்த் தண்ணீரில் வரும் குளோரின் வாடை ஒரு காவல்காரனின் பீடி நாற்றம் மாதிரி. பிடிக்காது, ஆனால் ஆள் விழித்திருக்கிறான் என்று தெரியும். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கரி முதலில் வெளியேற்றுவது அந்தக் காவல்காரனைத்தான். அப்புறம் ஜாடியில் இரண்டு நாள் நிற்கும் தண்ணீருக்குப் பாதுகாப்பில்லை. இரண்டாவது நிபந்தனையின் அர்த்தம் இதுதான்.

இதற்கிடையில் அடுத்த வீட்டுக்காரர் சொல்லி ஆர்.ஓ. விற்கும் பையன் ஒருவன் வந்தான். இரண்டு கண்ணாடி டம்ளர்களை மேஜையில் வைத்தான். ஒன்றில் குழாய் நீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த ஆர்.ஓ. நீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்தான். ஒரே நிமிடத்தில் குழாய் நீர் பழுப்பாகிச் சேறு திரண்டது. ஆர்.ஓ. நீர் கலங்கவே இல்லை. "பாருங்க அங்கிள்ஜி, இதைத்தான் குடிச்சிட்டிருக்கீங்க" என்றான் இந்தியில்.

அவர் எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்து, புதிதாக ஊற்றச் சொன்ன ஆர்.ஓ. நீரில் போட்டுக் கலக்கினார். இன்னொரு தடவை கம்பியை விடச் சொன்னார். அதுவும் பழுப்பாகிச் சேறு கக்கியது. நீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும். டம்ளரில் தெரிந்த அழுக்கு தண்ணீருடையது அல்ல, கம்பியுடையது. பையன் சிரித்துவிட்டுச் சாமான்களை எடுத்து வைத்தான். கமிஷனுக்கு அலையும் பிள்ளை, அவனைத் திட்டி என்ன பயன்? மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

அவன் பையிலிருந்த டி.டி.எஸ். மீட்டர் அந்த வீட்டுத் தண்ணீருக்குக் காட்டிய எண் 180. கரைந்த உப்புகள் 500 வரை ஏற்கத்தக்கது என்பது தர நிர்ணயம். அதற்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. கருவிக்குத் தடை விதிக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டதற்கு, கருவி வீணாக்கித் தள்ளும் தண்ணீர் ஒரு முக்கியக் காரணம். ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புபவை பல. உப்புக் கரிக்கும் ஆழ்குழாய் நீரை நம்பியிருக்கும் வீட்டுக்கு ஆர்.ஓ. தேவை, அதில் வாதமில்லை. இந்த வீட்டுக்கு அல்ல. தவிர, அந்த மீட்டர் மின்சாரம் பாய்வதை அளக்கிறதே தவிரக் கிருமியைப் பார்ப்பதில்லை. சாக்கடை கலந்த தண்ணீரும் 180 காட்டலாம்.

கிருமியைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. மாஞ்சா என்ற இந்திய ஆய்வாளரும் சகாக்களும் 1982இல் வெளியிட்ட முறை. ஊட்டப்பொருள் தோய்ந்த காகிதம் உள்ள சின்ன பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, கதகதப்பான இடத்தில் ஓரிரு நாள் வைக்க வேண்டும். மலக்கழிவு கலந்திருந்தால் தண்ணீர் கறுத்துப்போகும். விலை சொற்பம், படித்தவர் படிக்காதவர் யாரும் செய்யலாம். ஜாடிக்குத் தரும் விளம்பரத்தில் நூறில் ஒரு பங்கு இதற்குத் தந்திருந்தால் எவ்வளவோ வீடுகளில் வயிற்றுப்போக்கு குறைந்திருக்கும்.

அவர் எட்டு பாட்டில் வாங்கினார். லேபிள் ஒட்டி, தேதி, நேரம் எழுதினார். காலையில் வந்த முதல் தண்ணீர் ஒன்றில். அதே முதல் தண்ணீரை ஜாடியில் வடித்து ஒன்றில். பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தது ஒன்றில். முதல் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தது ஒன்றில். ஃபிரிஜ் மேல் வரிசையாக வைத்தார். மறுநாள் முதல் பாட்டில் கறுப்பு. ஜாடி பாட்டிலும் கறுப்பு. மற்ற இரண்டும் தெளிவு. ஒரே வவுச்சரைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கம் அவருக்கு இல்லாததால், நாலு நாள் கழித்து மிச்சமிருந்த நாலு பாட்டில்களில் திரும்பச் செய்தார். அதே விடை.

முதல் தண்ணீர் மட்டும் ஏன் கெட்டிருந்தது? தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. எங்கோ ஒரு மூட்டு கசிந்தால், உள்ளேயிருந்து வெளியே போன தண்ணீர், அப்போது வெளியேயிருந்து உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் அதையும் உறிஞ்சும். மறுபடி தண்ணீர் வரும்போது அதுதான் முதலில் வீட்டுக்குள் வந்து இறங்குகிறது. விடிந்ததும் எழுந்து முதல் ஆளாகக் குடம் பிடிப்பவர்களுக்குக் கிடைக்கும் பரிசு. அவர் ஜல போர்டுக்குப் புகார் எழுதிக் கொடுத்தார், மூன்று நகலுடன்.

பாட்டில் கறுக்கவில்லை என்பதும் முழுச் சான்றிதழ் அல்ல. 1955-56இல் டெல்லியில் மஞ்சள் காமாலை பரவியது. நஜஃப்கர் வாய்க்காலின் சாக்கடை, வஜீராபாத்தில் யமுனை நீரை எடுக்கும் இடத்தில் கலந்துவிட்டது. நிலையத்தில் குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். அதனால் டைஃபாய்டு பெருகவில்லை. ஆனால் வைரஸ் தப்பித்து வந்தது. சுமார் 29,000 பேருக்குக் காமாலை. அது ஹெபடைடிஸ் இ என்பது பல வருடங்களுக்குப் பிறகே தெரிந்தது. மற்றவர்களைப் படுக்கவைத்துவிட்டுப் போகும் அந்தக் காமாலை கர்ப்பிணிகளைக் கொல்லக்கூடியது, அதிலும் கடைசி மூன்று மாதங்களில். மகள் வரப்போவது ஏழாம் மாதத்தில்.

தணிக்கை அறிக்கை வாய்மொழியாகவே சமர்ப்பிக்கப்பட்டது. "நல்ல ஜாடிதாம்மா. வாடையைப் போக்கும். வேற ஊருக்குப் பண்ணினது."

"4.3 ஸ்டார் இருந்துதேப்பா!"

"ருசிக்குக் குடுத்த ஸ்டார் அது. பாட்டில் கறுத்துப் போச்சு."

தளதளவென்று கொதி வந்துவிட்டால் பாக்டீரியாவும் சாகும், வைரஸும் சாகும். மனைவியின் தவலை வென்றது. அவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. குழாயில் கட்டிய துணிக்கும் ஒரு மரியாதை உண்டு. வங்கதேசக் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடித்து வடிகட்டியதில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் ரீட்டா கால்வெல் குழுவினர் எழுதினார்கள். காலராக் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்கள் துணியில் சிக்கிக்கொள்கின்றன. காமாலை வைரஸுக்கு அந்தத் துணி வெறும் ஜன்னல்.

மகள் வந்தாள். காய்ச்சின தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று முகம் சுளித்தாள். காய்ச்சும்போது கரைந்திருந்த காற்று போய்விடுவதால் வரும் சப்பு அது. அம்மா இரண்டு பாத்திரங்களை எடுத்து, காபி ஆற்றுவது போலத் தூக்கி ஊற்றி ஆற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டாள்.

பேத்தி பிறந்து இரண்டு மாதத்தில் அடுப்படி வேலை கட்டுக்கடங்காமல் போனது. மின்சாரம் வேண்டாத, கிருமியைக் கொல்லும் கருவிக்கு மறுபடி தேடல். இந்த ரகத்துக்கு இந்தியாவில் ஒரு வரலாறு உண்டு. 2004இல் சென்னையில் அறிமுகமான ப்யூரிட், குளோரினைத் தானே சேர்த்துப் பின்னர் தானே நீக்கியது. 2009 டிசம்பரில் வந்த டாட்டா ஸ்வச், உமிச் சாம்பலில் வெள்ளி நுண்துகளை ஏற்றியது. வெளியானபோது அதன் விலை 749 ரூபாயும் 999 ரூபாயும். 299 ரூபாய் கேட்ரிட்ஜ் 3,000 லிட்டருக்கு, அதாவது லிட்டருக்குப் பத்துக் காசு. இரண்டிலும் அவருக்குப் பிடித்திருந்த அம்சம் ஒன்றே. ஆயுள் முடிந்ததும் தண்ணீர் தானாக நின்றுவிடும். ஜாடி அப்படியல்ல, கேட்ரிட்ஜ் செத்த பிறகும் தெளிவான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆகவே கடைக்காரரிடம் அவர் விலையைக் கேட்கவில்லை. "தீர்ந்துபோனா நிக்குமா?" என்று மட்டும் கேட்டார். நிற்கும் என்றார்கள். பாட்டில் சோதனையும் செய்து பார்த்து, முதல் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டு, அடுத்து வருவதை அதில் ஊற்றத் தொடங்கினார்கள். குழந்தைக்கு மட்டும் தவலைத் தண்ணீர்தான்.

ஏழாவது மாதம் ஓர் இரவு, வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது, கருவி நின்றுபோனது. சொட்டுக்கூட இறங்கவில்லை. அவர் எழுந்து போய்ப் பார்த்து, காலண்டரில் குறித்திருந்த தேதியுடன் ஒப்பிட்டு, திருப்தியாகத் தலையாட்டினார். மனைவி தவலையை அடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "மெஷின் நின்னு போச்சுன்னு சந்தோஷப்படற ஒரே மனுஷன் நீங்கதாங்க."