டபராவுக்குள் ஒரு பஞ்சாயத்து

கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு அறிவுரை சொல்ல நம் ஊரில் எந்தத் தகுதியும் தேவையில்லை. ரேஷன் கார்டுகூட வேண்டாம். எதிரே வருகிறவர் வயிற்றைப் பார்த்தாலே போதும், டாக்டர் பட்டம் தானாக வந்துவிடும். பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, கிரகணத்தன்று ஊசியைத் தொடக் கூடாது, இடது பக்கம் படு, குங்குமப்பூ போட்டுக் குடி...

இந்தப் பட்டியலை எல்லாம் என் மனைவி சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டாள். காபியில்தான் வந்து நின்றாள்.

எங்கள் வீடு காபி வீடு. முதல் நாள் ராத்திரியே ஃபில்டரில் பொடி போட்டு, வெந்நீர் ஊற்றி மூடிவைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்போம். காலை ஐந்தரைக்கு முதல் டம்ளர் உள்ளே போகும்வரை என் மனைவியிடம் யாரும் எதுவும் பேசக் கூடாது என்பது எங்கள் குடும்ப அரசியல் சட்டத்தின் முதல் ஷரத்து. நானும் மீறியதில்லை. உயிர் மேல் எல்லோருக்கும் ஆசை உண்டல்லவா!

அப்படிப்பட்டவள், பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு தெரிந்த அன்றைக்கே காபிப் பொடி டப்பாவைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒன்பதாவது வாரத்தில் கலைந்துபோயிற்று. துக்கம் விசாரிக்க வந்த உறவுக்கார அம்மாள் ஒருவர், கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "காலங்காத்தால அத்தனை காபியக் குடிச்சா அந்தச் சூட்டுல எங்கேருந்து தங்கும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது மறுநாளே மறந்திருக்கும். இவளுக்கு இரண்டு வருஷமாக மறக்கவில்லை.

பரணுக்குப் போன டப்பாவின் பின்னாலேயே தலைவலி வந்தது. தினம் காபி குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் தலைவலி ஆரம்பிக்கும். சிலருக்கு ஒன்பது நாள்வரைகூட இழுக்கும். இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. மனைவிக்குத் துணையாக இருக்கவேண்டும் என்று நானும் நிறுத்தியிருந்தேன். ஆபீஸில் பதினோரு மணிக்கு எனக்கு மேனேஜர் இரண்டு பேராகத் தெரிந்தார். ஒருவரையே தாங்க முடியாது!

சாயங்காலம் நெற்றியில் தைலத்தோடு வீட்டுக்கு வந்தவனை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க காபி குடிக்காம இருந்தா குழந்தைக்கு என்ன லாபம்? அது என் வயித்துலதானே இருக்கு? ஒழுங்கா குடிச்சிட்டு நல்ல மூஞ்சியோட வாங்க."

என் தியாகம் அத்தோடு முடிந்தது. அவள் தலைவலி முடியவில்லை.

ஆபீஸில் விஷயம் தெரிந்ததும் பஞ்சாயத்து கூடிவிட்டது. அக்கவுண்ட்ஸ் நண்பர், "என் ஒய்ஃப் தினம் ஆறு காபி சார். பையன் இப்ப இன்ஜினீயரிங். ஒண்ணும் ஆகாது" என்றார். டெஸ்பாட்சில் இருக்கும் சீனியர் மேடம், "ஒரு சொட்டு கூடாது. என் நாத்தனார் கதையச் சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தார். புதிதாகச் சேர்ந்த தம்பி செல்போனை நீட்டி, "சார், 2020-ல ஒரு மெடிக்கல் ஜர்னல்ல, கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான அளவுன்னு காபியில எதுவுமே கிடையாதுன்னு போட்டிருக்கான்" என்றான். மூன்று பேர், மூன்று தீர்ப்பு. நடுவில் நான், கான்டீன் காபியுடன்.

ஒரு விஷயம் மட்டும் புரிந்தது. இதை யாரோ ஒருவருடைய நாத்தனாரை வைத்து முடிவு பண்ண முடியாது. ராத்திரிகளில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இன்கிரிமென்ட் பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு படித்ததில்லை.

முதலில், காபி ஏன் இந்தப் பத்து மாதத்தில் மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது? சாதாரணமாக நம் உடம்பு, குடித்த கஃபீனில் பாதியை ஐந்து மணி நேரத்தில் கரைத்துத் தள்ளிவிடும். கர்ப்ப காலத்தில் அந்த வேலையைச் செய்யும் கல்லீரல் என்ஸைம் மந்தமாகிவிடுகிறது. கடைசி மாதங்களில் பாதி கரைவதற்கே பதினைந்து மணி நேரம்போல ஆகும். அதாவது சாயங்காலம் நாலு மணிக்குக் குடித்த காபியில் பாதி, மறுநாள் காலை ஏழு மணிக்கும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடமும் போகும். குழந்தையிடம் அதைக் கரைக்கிற என்ஸைம் இன்னும் தயாராகவில்லை. ஆக, பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது.

அதற்காக ஒரு சொட்டும் கூடாதா? உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொன்னது: ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் சாப்பிடும் கர்ப்பிணிகள் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் முன்பு 300 என்றிருந்த எல்லையை 2008-ல் 200 ஆக இறக்கினார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கமும் 2010-லிருந்து 200-க்குள் என்றே சொல்கிறது. டென்மார்க்கில் ஒரு காரியம் செய்தார்கள். தினம் குறைந்தது மூன்று கப் குடிக்கும் சுமார் ஆயிரத்து இருநூறு கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, கர்ப்பத்தின் பிற்பாதியில் ஒரு பாதிக்கு நிஜக் காபி, இன்னொரு பாதிக்குக் கஃபீன் எடுத்த காபி கொடுத்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

சரி, 200 மில்லிகிராம். அது எங்கள் வீட்டு டம்ளரில் எவ்வளவு? டானிக் பாட்டில் மூடியை எடுத்தேன். பதினைந்து மில்லி. டம்ளருக்குள் ஊற்றி ஊற்றி எண்ணினேன். பத்து மூடி. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்காடா உன்னை பி.காம். படிக்க வெச்சோம்?" என்றாள்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி 150 மில்லி டிகாஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஆக, காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி, மத்தியானம் ஒரு கப் டீ. கூடிய மட்டும் போட்டாலும் 120-ம் 65-ம் 185. எல்லைக்குள்தான்! பேலன்ஸ் ஷீட் டாலி ஆனதுபோல் எனக்கு ஒரு சந்தோஷம். (கோலா, சாக்லேட், சில தலைவலி மாத்திரை இவற்றிலும் கஃபீன் உண்டு, கணக்கில் சேர்க்கவேண்டும். எனர்ஜி டிரிங்க் டின்னிலோ, கர்ப்பிணிகளுக்கு ஏற்றதல்ல என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள்.)

டாக்டரம்மாவிடம் போனபோது என் கணக்கைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு கப்புக்குள்ள பரவாயில்லை. ஆனா எப்ப குடிக்கிறாங்கங்கறது முக்கியம்" என்றார். காபி, டீ இரண்டிலும் உள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடம்பில் ஒட்டவிடாது. அதனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அவை கூடாது. இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்குவது மாத்திரையைப் பாதி வீணடிப்பது மாதிரி. எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நல்லது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு ரத்த சோகை. காபி எவ்வளவு என்று நாம் சண்டை போடுகிறோம். இட்லியோடு சேர்த்துக் குடிக்கிற பழக்கத்தை யாரும் கவனிப்பதில்லை.

இதற்கு நடுவில் அம்மா ஒரு பாட்டிலோடு வந்தாள். பசி எடுக்க அரிஷ்டம்! "நாட்டு மருந்துடா, ஒண்ணும் பண்ணாது." லேபிளைத் திருப்பினேன். பொடி எழுத்தில் ஆல்கஹால் சதவிகிதம் போட்டிருந்தது. அரிஷ்டம் என்பதே புளிக்கவைத்துச் செய்வதுதான். ஆல்கஹால் அதில் தானாகவே ஊறும். காபிக்காவது 200 என்று ஒரு கோடு இருக்கிறது. மதுவுக்கு அப்படிக் கோடே கிடையாது. பிரிட்டனில்கூட, குடித்தே தீருவேன் என்பவர்களுக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை கொஞ்சம் என்று விட்டுவைத்திருந்தார்கள். 2016-ல் அதையும் எடுத்துவிட்டு, அடியோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தையின் மூளையை அது எந்த அளவில் தொடாமல் விடும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் கேஸில் அப்பீலே இல்லை. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்று பாட்டிலை ஓரம் கட்டினோம். அம்மாவுக்கு அதிர்ச்சி. "அடப்பாவி, இத்தனை வருஷமா நான் குடிச்சது அதுவா?" என்றாள். முகத்தில் லேசான பெருமைகூடத் தெரிந்தது!

எல்லாக் கணக்கும் முடிந்தது. நான் பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். டிகாஷன் இறங்கும் வாசனை ஹாலுக்கு வந்தது. டம்ளரை நீட்டினேன். மனைவி வாங்கினாள். வாய்வரை கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நான் குடிச்சதுனாலதானா அது?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இத்தனை நாளாக நாங்கள் இருவரும் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டிருந்தோம் என்று. நான் தேடியது மில்லிகிராம். அவள் தேடியது தீர்ப்பு.

அதையும் படித்திருந்தேன். முதல் மூன்று மாதத்துக்குள் கலைவதில் சுமார் பாதி, கருவின் குரோமோசோமில் ஏற்படும் கோளாறால். தாய் என்ன குடித்தாள், எங்கே நடந்தாள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காபி நிறையக் குடித்தவர்களுக்குக் கருச்சிதைவு அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கர்ப்பம் நன்றாக வேர் பிடித்தால் பெரும்பாலும் மசக்கை வரும், மசக்கை வந்தால் காபி வாசனையே குமட்டும், தானாகக் குறைந்துவிடும். சரியாகப் பிடிக்காத கர்ப்பத்தில் குமட்டல் குறைவு. காபி பழையபடி நடக்கும். கடைசியில் பார்த்தால் காபி குடித்ததால் கலைந்த மாதிரி தோன்றும். எது காரணம், எது அடையாளம் என்று அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது. டாக்டர்களே பிரிக்கத் திணறுவதை, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒருவர் பிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் சொல்லி முடிக்கும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு கொஞ்சம் அழுதாள். டம்ளரில் ஆடை படிந்துவிட்டது. "இது ஆறிடுச்சு. வேற சூடா கொடுங்க. முக்கால் டம்ளர் போதும்" என்றாள்.

முக்கால் என்பது அவள் முடிவு. மத்தியான டீயை வேண்டாம் என்றதும் அவள் முடிவு. இரண்டும் சேர்ந்தாலும் எல்லைக்குள்தான் என்று நான் கால்குலேட்டரை எடுத்தேன். "உங்க கணக்கு சரிங்க. ஆனா என் மனசுக்கு இதுதான் சரியா இருக்கு" என்றாள். கால்குலேட்டரை உள்ளே வைத்துவிட்டேன்.

அம்மா மட்டும் சும்மா இருப்பாளா? ஒரு வாரம் கழித்து, முதல் வாய் குடித்ததுமே என் மனைவி நிமிர்ந்தாள். "அத்தை, சிக்கரி ஜாஸ்தி பண்ணீங்களா?" அம்மா திருதிருவென்று விழித்தாள். சிக்கரியில் கஃபீன் கிடையாது என்று நான் படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் பாதிக்குப் பாதி கலந்திருக்கிறாள்! "இல்லம்மா... உன் நல்லதுக்குத்தான்..." என்று இழுத்தாள். "போடுங்க அத்தை. ஆனா சொல்லிட்டுப் போடுங்க" என்றாள் இவள். அன்று முதல் சமையலறையில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

புதிதாகக் கல்யாணமாகி, இந்தக் கட்டத்தில் நிற்கும் தம்பிமார்களே! உங்களுக்குச் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். படிப்பது, டாக்டரிடம் கேட்பது, டம்ளரை அளப்பது, மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவது எல்லாம் உங்கள் வேலை. நாட்டாமை பண்ணுவது உங்கள் வேலை அல்ல. வாசலில் யாராவது செருப்பு மாட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னால், அதை உள்ளே வரவிடாமல் கதவைச் சாத்துவதும் உங்கள் வேலைதான்.

போன மாதம் வளைகாப்பு. அந்த உறவுக்கார அம்மாளும் வந்திருந்தார். கை நிறைய வளையலோடு என் மனைவி டம்ளரை எடுத்ததைப் பார்த்துவிட்டு, "ஏண்டிம்மா, இப்பவும் காபியா?" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் முக்கால் டம்ளர்தான். மில்லிகிராம் கணக்குப் பார்த்து, டாக்டரையும் கேட்டாச்சு. அது சரி, உங்களுக்கு சுகர் முந்நூறாமே, காபியில சர்க்கரை போடட்டுமா, வேண்டாமா?"

அந்த அம்மாள் சர்க்கரை இல்லாமல் குடித்துவிட்டு, செருப்பைப் பேசாமல் மாட்டிக்கொண்டு போனார்.