சீ கம்

ஒப்புதல் வாக்குமூலத்தைப் போலீஸிடம் கொடுத்தால் செல்லாது. மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்க வேண்டும். அவரும் எடுத்த எடுப்பில் எழுதிக்கொள்ள மாட்டார். சொல்லியே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே அது நிற்கும் என்று எச்சரித்து, யோசிக்க அவகாசம் கொடுத்து, அதற்கப்புறம்தான் பேனாவைத் திறப்பார். பழைய சட்டத்தில் 164-ஆவது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 183. செங்கல்பட்டில் முப்பது வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிற எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இது வரும். எனக்குக் கிடைத்த அவகாசம்தான் கொஞ்சம் நீளம். இருபது வருஷம்.

குற்றம் இதுதான்: என் மனைவி பேசிக்கொண்டிருந்த இங்கிலீஷை நான் நிறுத்தினேன்.

எப்படி என்று சொல்வதற்கு என் இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். 1993-இல் சீனியரிடம் சேர்ந்தபோது அதுதான் மூலதனம். விரலுக்கு இங்கிலீஷ் தெரியும், தலைக்குத் தெரியாது. தமிழிலும் பிராது போடலாம்தான். ஆனால் எங்கள் சீனியருக்கு எல்லாம் இங்கிலீஷில் வேண்டும். 'டெபோனன்ட்' என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை அடிப்பேன். அது வியாதியா பதவியா என்று தெரியாது. ஒருமுறை அஃபிடவிட்டில் ஒரே ஒரு 'நாட்' விட்டுப்போனது. பணம் வாங்கவில்லை என்று சொல்ல வந்த கட்சிக்காரர் வாங்கினேன் என்று சத்தியம் செய்துவிட்டார். நல்லவேளை, தாக்கல் செய்வதற்கு முன்பே சீனியர் கண்ணில் பட்டது. "படிச்சுப் பாத்து அடிக்க மாட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். படித்தேன் சார், புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று ராத்திரி ஆரம்பித்ததுதான் என் படிப்பு. பஸ் ஸ்டாண்டு கடையில் முப்பது நாளில் இங்கிலீஷ் என்று ஒரு புத்தகம் வாங்கினேன். முப்பதாவது நாள் நான் பதினொன்றாம் பாடத்தில் இருந்தேன். அடுத்தது ராபிடெக்ஸ், கபில்தேவே விளம்பரத்தில் வருகிறாரே என்ற நம்பிக்கை. பிறகு லிப்கோ டிக்‌ஷனரி. கடைசியாக, மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அட்டை போன ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென் 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்று பாலைவனச் சிப்பாய்களை வைத்துச் சாகச நாவல் எழுதியவர் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. முதலில் அந்த ரென் கையில் அகப்பட்டிருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும். எனக்கு வாய்த்தது இலக்கண ரென்.

வாத்தியார் கிடையாது. முறையை நானேதான் கண்டுபிடித்துக்கொண்டேன். ஆபீசுக்கு வரும் 'இந்து' பேப்பரை மறுநாள் வீட்டுக்குக் கொண்டுவருவேன். தலையங்கத்தில் ஒரு பாராவைத் தமிழாக்கி நோட்டில் எழுதி வைப்பேன். மூன்று நாள் கழித்து, பேப்பரைப் பார்க்காமல், அந்தத் தமிழை மறுபடி இங்கிலீஷாக்குவேன். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தப்பான இடத்தையெல்லாம் சிவப்பு மையால் சுழிப்பேன். வீட்டிலிருந்தே படிக்க நினைக்கிற யாருக்கும் இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். ஒரு பாராவில் இருபது சுழி விழுந்த இடத்தில் ஒரு வருஷத்தில் நாலைந்துதான் விழுந்தது.

எதற்கும் மசியாதவை 'ஏ'யும் 'தி'யும்தான். எங்கே எதைப் போடுவது? விதி விதியாகப் படித்தும் ஒன்றும் ஒட்டவில்லை. ஒருநாள் சாயங்கால பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டும்போது, பின் சீட்டில் ஒருத்தர் "மாடு வித்துட்டேன்" என்றார். பக்கத்திலிருந்தவர், "இன்னாது, மாட்டை வித்துட்டியா!" என்று பதறினார். சட்டென்று பிடிபட்டது. வெறும் 'மாடு' என்றால் ஏதோ மாடு. 'மாட்டை' என்றால் நீயும் நானும் அறிந்த அந்த மாடு. இங்கிலீஷ்காரன் 'தி' போட்டுச் செய்கிற வேலையில் ஒரு பங்கை நம்முடைய இரண்டாம் வேற்றுமை 'ஐ' சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. எழுவாய்க்கு இந்தக் கணக்கு உதவாது, தெரியும். ஆனால் அன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியிருந்தது. கர்வம் என்ற சனியன் என் தோளில் ஏறியதும் அந்த பஸ்ஸில்தான் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்கள் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஸ்பெல்லிங்கைப் பார்த்தேன். ஓட்டல் போர்டு, பஸ்ஸின் முதுகு, மருந்துக் கடை ரசீது, எதையும் விட்டதில்லை.

இவ்வளவும் கண்ணால் படித்த படிப்பு. ராத்திரி ஒன்பது மணி ரேடியோ நியூஸ் கேட்பேன், கேட்பதோடு சரி. யாரிடமும் வாய் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. பேசாதவரை தப்பு வராது அல்லவா?

என் மனைவிக்கு ஊர் மாமல்லபுரம். எழுத்தில்தான் மாமல்லபுரம், வாயில் மகாபலிபுரம். கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் அவள் அம்மாவுக்கு ஒரு சங்குக் கடை. சங்கு, சோழி மாலை, சிப்பித் தோரணம், மாக்கல் பிள்ளையார், சாவி வளையம். 1999-இல் கல்யாணமானதும் நான் அந்த வீட்டோடு போனேன். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் கோர்ட்டுக்கு, முப்பது கிலோமீட்டர் இருக்கும். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எப்போதும் உண்டு. இங்கிலீஷ் தெரிந்த மாப்பிள்ளை என்பது அதற்கு நான் வைத்திருந்த பதில்.

அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எட்டு வயசிலிருந்து அந்தக் கடையில் உட்கார்ந்தவள். வெள்ளைக்காரர்களிடம் அவள் பேசுவதை முதல் தடவை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிராமர் என்று மருந்துக்கும் கிடையாது. ஆனால் நிற்காமல் ஓடும். எதிராளி சிரிப்பான், இவளும் சிரிப்பாள், சங்கு காகிதத்தில் சுற்றப்பட்டுவிடும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. கடைக்குள் தண்ணீர் வந்து சரக்கில் பாதி போய்விட்டது. நாங்கள் மேட்டுப் பக்கம் ஓடிப் பிழைத்தோம். அலை வருவதற்கு முன் கடல் வெகுதூரம் உள்வாங்கியது. அப்போது தண்ணீருக்கடியில் வரிசை வரிசையாகக் கல் தெரிந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அலை போனபின் கரையில் மணல் அரித்துப் பழைய சிற்பப் பாறைகள் வெளியே வந்தன. முன்பு கப்பல்காரர்கள் இந்த ஊரை 'ஏழு கோயில்' என்ற பொருளில் 'செவன் பகோடாஸ்' என்றுதான் சொல்வார்கள். கடற்கரைக் கோயில் போக மீதி ஆறும் கடலுக்குள் போய்விட்டன என்பது ஊர்க்கதை. தொல்லியல் துறையும் கடற்படையும் இறங்கித் தேடின. அந்த வருஷம் வந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். என்ன நடந்தது?

2005 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, சீனியர் அறையில், "சப்போயினா அனுப்பணும் சார்" என்றேன். சாட்சிக்கு அனுப்புகிற சம்மன். எழுத்தைப் பார்த்து நானே படித்துக்கொண்ட உச்சரிப்பு. ஜூனியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தர் இருமினார், இன்னொருத்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சப்பீனா" என்றார் சீனியர், ஃபைலிலிருந்து தலை எடுக்காமலே. அன்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த இருமல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்திருந்தேன். வயதான ஒரு தம்பதி வந்தார்கள். அந்தம்மா கடலைக் காட்டி என்னவோ கேட்டார். என் மனைவி கையிலிருந்த சோழி மாலையைக் கீழே வைத்தாள். உள்ளங்கையைக் கடல் பக்கம் தள்ளி, "சீ கோ" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். கையை மேலே தூக்கி, "டெம்பிள் கம்" என்றாள். அப்புறம் இரண்டு கையையும் நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு, மெதுவாக, "சீ கம்."

அந்தம்மா கண் கலங்கிவிட்டது.

நான் எழுந்தேன். "'சீ கம்' இல்ல. இறந்த காலம். தி சீ கேம். முதல்ல சொன்னதும் தப்பு, தி சீ ரிசீடட்னு சொல்லணும்" என்று அவர்கள் முன்னாலேயே தமிழில் பாடம் எடுத்தேன். தம்பதிக்கு ஒன்றும் புரியவில்லை. என் குரல் புரிந்திருக்கும். "அவங்களுக்குத்தான் புரிஞ்சிடுச்சே, நீங்க இன்னாத்துக்கு குறுக்க வரீங்க?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் சிரிக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் ஒரு நாள் கோபம் என்று போயிருக்கும். நான் நோட்டு போட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் அரை மணி பாடம். ஞாயிறு தோறும் பரீட்சை, இருபது மார்க்குக்கு. திருத்துவது அதே சிவப்பு மையால். முதல் பரீட்சையில் நாலு மார்க் போட்டேன். ஐந்து போட்டிருக்கலாம். நாலு வயசுப் பெண் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து அம்மா மார்க் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அடித்துத் தள்ளிய பழைய பத்திரங்களிலெல்லாம் செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' என்றுதான் இருக்கும். வெள்ளைக்காரன் வாயில் நம்ம ஊரே அப்படித் திரிந்து கிடந்தது. யாரும் அவனுக்கு நோட்டுப் போட்டுச் சுழிக்கவில்லை. இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆறாவது வாரம் அவள் பரீட்சை எழுத வரவில்லை. கடையில் பேசுவதும் நின்றது. நான் இருக்கும்போது யாராவது வெளிநாட்டுக்காரர் வந்தால் கால்குலேட்டரை எடுத்து விலையை அழுத்திக் காட்டுவாள். அவர் குறைத்து ஒரு எண் அழுத்துவார். இவள் தலையாட்டுவாள், அல்லது ஆட்டமாட்டாள். அவ்வளவுதான் வியாபாரம். அந்தக் கால்குலேட்டரில் ஐந்தும் பூஜ்யமும் அழிந்தே போய்விட்டன.

இலக்கணம் புரிய ஆரம்பித்ததால் யோசித்துப் பேச நினைக்கிறாள் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். வாக்குமூலம் என்று உட்கார்ந்தபின் எதை மறைப்பது? அவள் வாய் மூடியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பத்து வருஷம் ராத்திரி கண்விழித்துப் படித்த எனக்கு வராத பேச்சு, சோழி கோர்த்துக்கொண்டே அவளுக்கு வந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. இறந்த காலமும் நிகழ்காலமும் ஒரு சாக்கு.

2022 ஜூலை கடைசியில் செஸ் ஒலிம்பியாட் எங்கள் ஊருக்கு வந்தது. ரஷ்யாவில் நடக்கவேண்டியது, உக்ரைன் போரால் இங்கே மாறியது. வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை ரோடெல்லாம் கைகூப்பி நின்றது. 180-க்கு மேற்பட்ட நாட்டுக்காரர்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு கோயில் பார்க்க வந்தார்கள். ஒரு நாள் காலை கடையில் நான் மட்டும். ஒரு பையன் வலம்புரி மாதிரி இருந்த ஒரு சங்கை எடுத்து என்னவோ கேட்டான். எங்கே கிடைத்தது என்று கேட்கிறான் என்று புரிந்துவிட்டது. பதிலும் தெரியும். ஆனால் 'இட் வாஸ் ஃபவுண்ட்' என்பதா, 'ஹேஸ் பீன் ஃபவுண்ட்' என்பதா? எந்த வருஷம் என்று சொன்னால் 'ஹேஸ்' வரக்கூடாதே? நான் மனசுக்குள் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தேன். பையன் கொஞ்ச நேரம் பார்த்தான். சங்கைப் பத்திரமாக எடுத்த இடத்திலேயே வைத்தான். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

"யாரோ வந்து போனாங்களே, இன்னா கேட்டாங்க?" என்று வந்ததும் கேட்டாள்.

"சும்மா பாத்தான். வேணாமாம்" என்றேன். அதுவும் பொய். கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்து டீக்கடைக்குப் போனவன் சில்லறை மறந்து பாதியில் திரும்பினேன். தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் நிற்கும்போதே உள்ளே இரண்டு பெண்கள் சிரிப்பது கேட்டது. ஒன்று அவள் குரல். கடைக்கு வந்த பெண்ணுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. அவள் இங்கிலீஷும் என் நோட்டில் எழுதியிருந்தால் நாலு மார்க்தான் வாங்கியிருக்கும். எந்த நாடு என்று காதில் விழவில்லை.

"மை கன்ட்ரி, நோ சீ" என்றது அந்தப் பெண்.

"நோ சீ?" என் மனைவிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கடல் இல்லாமல் ஒரு ஊரா? "டேக் சங்கு. நைட் டைம், இயர் புட்." கொஞ்சம் நிறுத்தினாள். "சீ கம். யுவர் ஹவுஸ், சீ கம்."

பதினேழு வருஷமாக நான் கேட்காத குரல். நான் சுழித்த சொல் சுழித்தபடியே இருந்தது. நான் இல்லாத நேரமெல்லாம் அது இந்தக் கடையில் பேசப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அங்கேயே திரும்பிப் போயிருக்க வேண்டும். என்னவோ, ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம் என்று தார்ப்பாயை விலக்கி உள்ளே போனேன். அவள் என்னைப் பார்த்தாள். பாதி வாக்கியம் அப்படியே நின்றது. கை தன்னால் போய்க் கால்குலேட்டரை எடுத்தது. முன்னூற்று ஐம்பது அழுத்தி அந்தப் பெண் முன்னால் நீட்டினாள். அந்தப் பெண் கால்குலேட்டரைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, கடைசியாக என்னைப் பார்த்தது.

இன்னும் நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. 'சாரி' என்று சொல்லலாம் என்று பலமுறை நினைத்தேன். சொன்னால் மறுபடி பாடம் ஆரம்பிக்கிறேன் என்று நினைத்துவிடுவாளோ என்று பயம். மார்கழி, தை சீசனில் ஞாயிற்றுக்கிழமை இப்போதும் கடைக்குப் போகிறேன். பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்ததும் டீ குடிக்க எழுந்துவிடுகிறேன். முன்பெல்லாம் ஒரு டீ. இப்போது இரண்டு, சில நாள் மூன்று. திரும்பும்போது தெருமுனையிலிருந்தே செருமிக்கொண்டு வருகிறேன்.