மரநாய்க்கும் பசிக்கும், எங்களுக்கும் முட்டை வேணும்

எங்கட ஒழுங்கையில திரும்பவும் கோழிக்கூடுகள் எழும்பினது 2022 க்குப் பிறகுதான். ஒரு முட்டை 50 ரூபாயைத் தாண்டினதும், 2023 இல அரசாங்கம் இந்தியாவில இருந்து முட்டை இறக்கினதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். கடை முட்டையை நம்பி இருக்கேலாது எண்டு அம்மம்மா ஆறு பேடும் ஒரு சேவலும் வாங்கினா. பிறகு அடைவைச்சு, குஞ்சு பெருகி, பதினைஞ்சு உருப்படி ஆச்சு. முட்டை வித்த காசு அம்மம்மாவின்ர கைக்காசு. அவவின்ர பிறெஷர் குளிசையும் ஓட்டோக்காசும் அதுக்குள்ளதான்.

அப்பிடியிருக்க, ஒரே இரவில நாலு பேடு போச்சு.

முன்வீட்டு அன்ரி காலமை வந்து பாத்திட்டுச் சொன்னது ஒண்டுதான்: "செத்த கோழிக்குள்ள தோட்டத்து மருந்தைத் தடவி வையுங்கோ. நாளைக்கு அவர் வரமாட்டார்." கனபேர் செய்யிற வேலைதான். ஆனால் அந்த இறைச்சியை யார் முதலில தின்னும் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. எங்கட நாய், அன்ரி வீட்டுப் பூனை, காகம், இது எதுவும் தின்னலாம். ஒழுங்கையில சின்னப் பிள்ளையளும் விளையாடுதுகள். அதனால முதலில வந்தவர் ஆர் எண்டு பாப்பம் எண்டு நாங்கள் முடிவெடுத்தம்.

கள்ளன் விட்டுட்டுப் போற அடையாளங்களைக் கொஞ்சம் வாசிக்கலாம். முட்டையோ குஞ்சோ ஒரு இறகும் கொட்டாமல் காணாமல் போனால் பெரும்பாலும் பாம்பு. கோழியளைக் கிழிச்சு வளவெல்லாம் எறிஞ்சிட்டு, தின்னாமல் போயிருந்தால் நாய். கீரி பகல் ஆள். பொழுதுபட்டால் அவருக்கு இங்க வேலையில்லை. கூட்டுக்குள்ளேயே கழுத்திலயும் தலையிலயும் கடிச்சு, ஒண்டுக்கு மேல கொண்டு, கொஞ்சம் மட்டும் தின்டிருந்தால் மரநாயை நினைக்கலாம். எங்கட கூட்டில நடந்தது இதுதான். கூரையில கிடுகு விலகிக் கிடந்தது. கூரைக்கு மேலால முருங்கைக் கொப்பு. அவர் வந்த பாதை அதிலயே இருந்தது.

கோழி ஏன் கத்தி ஓடேல்லை எண்டு தங்கச்சி கேட்டாள். கோழிக்கு இருட்டில கண் சரியாத் தெரியாது. கொப்பில ஏறிக் குந்தினால் விடியும்வரை அந்த இடம்தான். அதால கூட்டுக்குள்ள ஒண்டு பூந்திட்டால் அந்தக் கூடே அதுகளுக்குப் பொறி.

மரநாய் யாழ்ப்பாணத்துக்குப் புதுசில்லை. பனங்காணி இருக்கிற இடமெல்லாம் அது இருக்கு. முட்டியில இறங்கிற கள்ளைக் குடிக்கிறதால ஆங்கிலத்தில அதுக்குக் கள்ளுப்பூனை எண்டும் ஒரு பேர். பழம்தான் அதுக்குப் பெரிய சாப்பாடு: பப்பாசி, வாழை, பனம்பழம். தின்ட பழத்தின்ர விதையைக் கொண்டுபோய் வேற இடத்தில போடும். எலியும் பிடிக்கும். எலி கூடினால் எலியைத் தேடிப் புடையன் வரும். மரநாயை மருந்து வைச்சுக் கொன்டால் அதோட கணக்கு முடியாது. அந்த இடத்துக்கு இன்னொரு மரநாய் வரும், எலியும் குறையாது.

அது பகலில எங்க படுக்குது எண்டதும் எங்களுக்குத் தெரியும். பின்வளவு வீடு பூட்டிக் கிடக்கு. ஆக்கள் வெளிநாட்டில. கூரை பாதி விழுந்து, முத்தமெல்லாம் பற்றை. யாழ்ப்பாணத்தில எந்த ஊரிலயும் இப்பிடி ரெண்டு மூண்டு வீடு இருக்கும். வலிகாமம் வடக்கில 1990 இல இடம்பெயர்ந்த சனம், பாதுகாப்பு வலயக் காணியள் கட்டம் கட்டமா விடுபட்டபோது திரும்பிப்போய்ப் பாத்ததும் வீட்டுக்குள்ள வளந்த மரங்களைத்தான். மனுசர் விட்டுப்போன இடத்தை மற்றச் சீவன்கள் எடுத்துக்கொண்டுதுகள். அதுகளைக் குற்றம் சொல்லி என்ன?

அதால கூட்டைத் திருத்தினம். முருங்கைக் கொப்பை வெட்டினம். கிடுகுக்குக் கீழ முழுக்கக் கம்பிவலை அடிச்சம். முன்பக்கம் இருந்த ஆறுமூலைக் கோழிவலை கோழியை உள்ளுக்கு வைச்சிருக்கத்தான் உதவும். கள்ளனை வெளியில வைச்சிருக்காது. கண் பெரிசு, கம்பி மெல்லிசு. அதைக் கழட்டிப்போட்டு அரை இஞ்சிக் கண் உள்ள ஒட்டுக்கம்பி வலை போட்டம். கதவுக்குச் சும்மா கொளுக்கி காணாது. தட்டித் தட்டிக் கழட்டிப்போடும். இப்ப ரெண்டு இடத்தில பூட்டு.

கீழால தோண்டி வராமல் வலையை ஒரு அடி தாக்கச் சொல்லுவினம். எங்கட வளவில ஒரு முழம் போகமுதல் சுண்ணாம்புக்கல் தட்டும். அதால வலையைத் தாக்காமல், கூட்டைச் சுத்தி ரெண்டடி அகலத்துக்கு நிலத்தில விரிச்சு, மேல கல்லும் மண்ணும் போட்டம். தோண்ட வாறது சுவரடியிலதான் தொடங்கும். அங்க கால் வைச்சால் கம்பிதான் தட்டும்.

இன்னொரு விசயம் கட்டாயம் சொல்லவேணும். ராவில கோழி கத்தினால் வெறுங்காலோட ஓடாதேங்கோ. யாழ்ப்பாணத்தில புடையனும் சுருட்டையும் இருக்கு. ரோச் லைற்றும் சப்பாத்தும் கதவடியில வையுங்கோ. கடிச்சால் கட்டி இறுக்கிறது, வெட்டிறது, உறிஞ்சிறது ஒண்டும் வேண்டாம். ஆளை அசையவிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. ஒரு கோழிக்காக ஒரு ஆளைக் குடுக்கேலாது.

வலை அடிச்சு முடிய அம்மம்மா பூட்டை இழுத்துப் பாத்திட்டுச் சொன்னா: "தொண்ணூற்றஞ்சில நான் கூட்டைத் திறந்துவிட்டிட்டுத்தான் போனனான்." 1995 ஒக்ரோபர் 30. வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. பூட்டினால் உள்ளுக்குப் பட்டினியில சாகும், திறந்துவிட்டால் நரியோ நாயோ தின்னும். திறந்தா. அடுத்த வருசம் திரும்பி வரேக்க கூடும் இல்லை, கோழியும் இல்லை. அந்தக் கதையை அவ எங்களுக்கு முதல்தரம் சொன்னது அண்டைக்குத்தான். அவவுக்கு அந்தப் பூட்டு ஏன் அவ்வளவு முக்கியம் எண்டு எங்களுக்கு அப்பதான் விளங்கினது.

இப்ப மைம்மலுக்கு முன்னம் ஆராவது ஒருத்தர் எண்ணிக் கூட்டைப் பூட்டவேணும் எண்டு முறை வைச்சிருக்கிறம். பின்வளவுக்காரர் போனில பற்றை வெட்டச் சம்மதிச்சிட்டினம். முழுக்க வெட்டாமல் எங்கட வேலிப்பக்கம் மட்டும் வெட்டுவம் எண்டு யோசிக்கிறம். மரநாய்க்கும் படுக்க ஒரு இடம் வேணும். அன்ரிக்கு இதில உடன்பாடில்லை. "உங்களுக்கு விசர்" எண்டுதான் சொன்னா. ஆனால் போன கிழமை தன்ர கூட்டுக்கும் எத்தினை அடி வலை வேணும் எண்டு அளந்து தரச்சொல்லிக் கேட்டா.