எழுபத்திரண்டில் ஒன்று

பெரியதொரு பொருளைச் சிறிதாகச் செய்து பார்ப்பதில் மனிதனுக்கு என்றும் தனி இன்பம் உண்டு. குழந்தை களிமண்ணில் வண்டி செய்வதும், தச்சன் தேர் செய்யுமுன் அதன் மாதிரியைச் செதுக்கிப் பார்ப்பதும் அவ்வின்பத்தின் வெவ்வேறு படிகளே. ஆனால், அஞ்சி ஒளிந்த ஒரு பொருளை நம் கையாலேயே சிறிதாகச் செய்யும்போது எழும் உணர்வையும் இன்பம் என்றே சொல்லலாமா? சென்ற ஆண்டு விடுமுறையில் இக்கேள்வி என்னை வந்தடைந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என் மகனுக்கென ஒரு பெட்டி கொண்டுவந்தார். பிரித்து ஒட்டிச் செய்யும் பிளாஸ்ரிக் விமானம் அது. மகன் மிகவும் சிறியவன். ஆதலால் பெட்டி என் மேசைக்கு வந்தது. மேலட்டையில் இருந்த படத்தை நான் அறியவில்லை. பெயரை வாசித்தபோது அறிந்தேன்: கிபிர்.

இத்தகைய பிளாஸ்ரிக் பெட்டிகள் 1936 இல் பிரித்தானியாவில் முதன்முதலில் விற்பனைக்கு வந்தன. அவற்றின் அளவிடை எழுபத்திரண்டில் ஒன்று. அதாவது ஆறடி ஓர் அங்குலமாகும். இவ்வளவிடை விளையாட்டோடு நின்றுவிடவில்லை. 1942 இல் அமெரிக்கக் கடற்படை, விமானங்களை இனங்காணும் பயிற்சிக்காக ஐந்து இலட்சம் மர மாதிரிகளைச் செய்து தருமாறு பாடசாலை மாணவரை வேண்டியது. அவையும் இதே அளவிடையில் அமைந்தவை. வானத்தில் தோன்றுவது நட்பா பகையா என்பதை உருவத்தைக் கண்டே அறிதல் வேண்டும் என்பது அதன் நோக்கம்.

வன்னியில் வளர்ந்த எங்களுக்கு அத்தகைய மாதிரிகள் தேவைப்படவில்லை. நாங்கள் செவியால் இனங்கண்டோம். உலங்குவானூர்திக்கு ஒரு தாளம். சுற்றிச் சுற்றி வரும் வேவு விமானத்துக்கு ஒரு முனகல். 1996 இல் இலங்கைக்கு வந்த கிபிருக்கோ வானத்தைக் கிழிக்கும் பேரொலி. அவ்வொலியைக் கேட்டவன் அண்ணாந்து பார்த்தால் அங்கே வெறும் வானமே இருக்கும். காரணம் எளிது. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ மூன்று செக்கன் செல்லும். மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் விமானம் அதற்குள் எழுநூற்றைம்பது மீற்றர் அப்பால் போய்விடும். பௌதிகவியல் படித்த பின்னர் விளங்கிய இவ்வுண்மை, பன்னிரண்டு வயதில் விளங்கவில்லை.

1998 இல் நான் ஏழாம் தரத்தில் படித்தேன். அருகில் இருந்தவன் சித்திரத்தில் வல்லவன். கொப்பியின் பின்தாள்களில் விமானங்களாகவே வரைவான். ஒருநாள் கிபிருக்கு நான்கு சிறகுகள் என்றான். கடற்கரையில் நின்றபோது அது சரிந்து திரும்பியதாம். பெருஞ்சிறகுகளுக்கு முன்னே இரண்டு சிறிய சிறகுகளைக் கண்டானாம். நான் சிரித்தேன். “பறவைக்கே ரெண்டுதான். நீ பயத்திலை ரெண்டு ரெண்டாப் பாத்திருப்பாய்” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. “இன்னொருக்கா வரட்டும், வடிவாப் பாத்துச் சொல்லுறன்” என்றான் அவன்.

அவ்வாண்டின் இறுதியில் ஒருநாள் ஒலி கேட்டு எல்லோரும் பதுங்குகுழிக்குள் இறங்கினோம். அவன் இறங்கவில்லை. ஓடிவரப் பிந்தினானா, பார்ப்பதற்காக நின்றானா என்பதை எவரும் அறியார். நானும் எவரிடமும் கேட்கவில்லை.

பெட்டியில் இருந்த விளக்கத்தாள், அந்த விமானத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறியது. இஸ்ரேலுக்கென விலைபேசப்பட்ட மிராஜ் விமானங்களைப் பிரான்ஸ் 1967 இல் தடுத்துவிட, மிராஜின் வடிவத்துக்குள் அமெரிக்காவின் ஜே-79 இயந்திரத்தைப் பொருத்தி இஸ்ரேலியர் உருவாக்கியதே கிபிர். எபிரேய மொழியில் அச்சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று பொருள். அதன் இரண்டாம் வகையில், காற்று நுழையும் வாய்களின் மேலே இரு முன்சிறகுகள் சேர்க்கப்பட்டன. வாசித்துக்கொண்டு வந்த நான் அவ்விடத்தில் தாளை மடித்துவைத்துவிட்டேன். மீண்டும் அதை எடுக்க ஒரு கிழமை சென்றது.

பின்னர் பொறுமையாகவே செய்தேன். சட்டகத்திலிருந்து பாகங்களை வெட்டி, மணற்கடதாசியால் தேய்த்து, பசையிடுமுன் பொருத்திப் பார்த்தேன். இப்பசை பிளாஸ்ரிக்கையே சிறிது கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும். காய்ந்த பின் பிரிக்க இயலாது. பின்புறம் சாய்ந்துவிடாதிருக்க மூக்கினுள் மீன்வலை ஈயம் இரண்டை வைத்து மூடினேன். வேலை நுணுக்கமானது, கை மகிழ்ந்தது என்பதை மறைக்க மாட்டேன். அம்மகிழ்ச்சிக்காக நாணியதையும் மறைக்க மாட்டேன்.

முன்சிறகுகள் மாத்திரம் எஞ்சியிருந்த மாலையில் அம்மா அறைக்குள் வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“வடிவாக் கிடக்கு தம்பி. என்ன பிளேன்?”

“கிபிர், அம்மா.”

அவர் அதை மெல்ல மேசையில் வைத்தார். சேலைத் தலைப்பில் கைகளைத் துடைத்தார். “சத்தமில்லாட்டி ஆருக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

உண்மை விமானத்தின் நீளம் பதினைந்தரை மீற்றருக்குச் சற்று அதிகம். என் மேசையில் இருப்பது இருபத்திரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைவு. அதே அளவிடையில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் உயரம் இரண்டு சென்ரிமீற்றர். பெட்டியில் விமானிக்கு உருவம் இருந்தது. நிலத்தில் நிற்பவனுக்கு இல்லை. அளவிடை எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்கும் என்று கணிதம் கூறும். அச்சத்தை அது ஓரளவு சிறிதாக்கியது. நான் அன்று சிரித்த சிரிப்பைச் சிறிதாக்கவில்லை.

அன்றிரவு முன்சிறகுகள் இரண்டையும் ஒட்டினேன். சின்னங்கள் எவற்றையும் ஒட்டவில்லை. பசை காயும்வரை விரல்களால் பிடித்தபடி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணினேன். அவனோடு தொடங்கிய வழக்கில் தோற்றவன் நான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சென்றன.